‘வேற என்ன?’ குழல்வாய்மொழி

1982 ஜூன் 4 – ரப்பர் உருளை, ஒரு ஜோடி – ரூ. 610
ஜூன் 25 – ஒரு ஜோடி – ரூ. 610
ஜூலை 16 – ஒரு ஜோடி – ரூ. 610
ஜூலை 29 – ஒரு ஜோடி – ரூ. 610
ஆகஸ்டு 9 – ஒரு ஜோடி – ரூ. 625
ஆகஸ்டு 17 – ஒரு ஜோடி – ரூ. 625
ஆகஸ்டு 24 – ஒரு ஜோடி – ரூ. 625
செப்டம்பர் 2 – ஒலிநாடா, இரண்டு – ரூ. 44

தட்டிலிருந்து ஐந்தாறு அரிசியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிக்கிறார் குழல்வாய்மொழி. டக்கென்று உடைந்தால் நெல் சரியாகக் காய்ந்திருக்கிறது. நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். கடித்ததை அவர் துப்புவதில்லை. மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசுவார். “சங்கத்துச் சொத்தத் துப்பலாமா கணக்கய்யா? நாளைக்கு ஆடிட்டர் வந்து கேட்டா யாரு பதில் சொல்லுவா?” என்று என்னிடமே கேட்பார். சங்கத்தின் கணக்கை ஓய்வு பெறும்வரை எழுதியவன் நான். இப்படிக் கடிபடும் அரிசியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் அரிசி ஆலை. குழல்வாய்மொழி அங்கே மாதிரி எடுப்பவர். நெல் அவிக்கும் இடம், காயப்போடும் களம், அரைக்கும் கூடம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கைப்பிடி எடுக்க வேண்டும். அதைக் கறுப்புச் சாயம் பூசிய தகரத் தட்டில் பரப்பி, முழு அரிசி, குருணை, உமி நீங்காத நெல் என்று பிரித்து அட்டையில் எழுத வேண்டும். சம்பளத்துக்கு உரிய வேலை இவ்வளவுதான். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, துண்டையும் மீறிப் புருவத்தில் படிந்த தவிட்டுப் பொடி. வயது நாற்பத்தாறு. இத்தனை ஆண்டுகள் ஆலையில் இருந்தும், ஓடுகிற பெல்ட்டைக் கண்டால் இரண்டு முழம் தள்ளித்தான் நிற்பார்.

வீடு குற்றாலத்தில். சீசன் மாதங்களில் அருவியில் குளித்த ஈரத் தலையோடு முதல் பேருந்தில் வந்து இறங்குவார். இறங்கியதும் நேரே களத்துக்குப் போவார். “குத்தாலத்துல சாரல் எறங்கிட்டு. மலை தெரியல. இன்னும் கொஞ்ச நேரத்துல இங்கன வரும், படுதாவ எடுத்து வையுங்க” என்பார். களத்துப் பெண்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. அவருடைய தலை ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுதாவை எடுத்து வைப்பார்கள். அருவியில் குளித்த ஈரமா, சாரலில் நனைந்த ஈரமா என்று கேட்டு அவரைக் கிண்டல் செய்வதும் உண்டு.

தட்டோடு அவர் வந்து நின்றால் யாரும் எளிதில் தப்ப முடியாது. மாதிரியை எடுத்த பிறகும் போகமாட்டார். “வேற?” என்பார். உமியை எரித்துப் பாய்லரை ஓட்டும் குத்தாலிங்கத்தோடு அவர் பேசியதை ஒருநாள் நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“வேற?”

“ஒண்ணும் இல்ல.”

“வேற?”

“ராத்திரி உறக்கம் இல்ல. கொசு.”

“கொசு கெடக்கட்டும். வேற என்ன?”

குத்தாலிங்கம் சிறிது யோசித்தார். “உமி நமத்த மாதிரி இருக்கு. நீராவி ஏறதுக்கு நேரம் ஆவுது.”

“இத மொதல்லயே சொன்னா வாய் வலிக்குமா?” என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார். நெல் வரத் தாமதமாகும், அதற்குள் காப்பியைக் குடித்துவிடுங்கள் என்று பெண்களிடம் சொன்னார். அங்கிருந்து கூடத்துக்குப் போய், இயந்திரத்தைச் சும்மா ஓடவிட வேண்டாம் என்றார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அந்தச் செய்தி எந்தப் பதிவேட்டிலும் ஏறவும் இல்லை.

பல ஆண்டுகள் கவனித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. முதல் ‘வேற’வுக்கு வரும் பதில் மேலதிகாரிக்குச் சொல்வது. இரண்டாவதற்கு வருவது வீட்டுக் கவலை. வேலைக்கு வேண்டிய விஷயம் மூன்றாவதில்தான் வெளியே வரும்.

மூடை தூக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘வேற என்ன’. “ஏலே, வேற என்ன வருதா பாரு. ஓடுங்கலே. இல்லன்னா நேத்துப் பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கினத வரைக்கும் சொல்ல வச்சிருவா” என்று ஒருவர் குரல் கொடுப்பார். “அத அவளே பஸ்ஸுல வச்சு எங்கிட்டச் சொல்லிட்டாளே” என்பார் இவர், நடையை நிறுத்தாமல்.

குறைகளும் உண்டு. என் மேசையிலிருந்து பென்சிலை எடுப்பார், திருப்பித் தந்ததில்லை. மாதிரி டப்பாக்களை மூடி போடாமல் விட்டுவிடுவார், எலி வரும். அவருடைய ஒன்றும் ஏழும் ஒன்றுபோல இருக்கும். இதைப் பற்றி நான் எழுத்து மூலம் மூன்று முறை தெரிவித்திருக்கிறேன்.

மேலே கொடுத்துள்ள கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் இயந்திரத்தில் உமியை நீக்குவது, நெருங்கிச் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகள். ஒன்று வேகமாகவும் மற்றொன்று சற்று மெதுவாகவும் சுற்றும். இடையில் விழும் நெல்லின் உமி அந்த வேக வித்தியாசத்தால் உரிந்துவிடும். நாளாக ஆக ரப்பர் தேயும். புது ஜோடி போட வேண்டும். கிதிர் முகம்மது இயந்திரக்காரராக இருந்தவரை ஒரு ஜோடி மூன்று வாரம் உழைத்தது.

கிதிர் முகம்மது ஆலை தொடங்கிய நாள் முதல் இருந்தவர். சங்கம் அவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது. 1982 ஜூலையில் சவூதியின் தம்மாமில் ஒரு கம்பெனியில் இயந்திர வேலை கிடைத்திருக்கிறது என்று விடைபெற்றுப் போனார். போகுமுன் தமக்குத் தெரிந்ததையெல்லாம் பெரிய அட்டைகளில் வரிசையாக எழுதித் தந்தார். தமக்குப் பின் வரும் சங்கரபாண்டியைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் செய்து காட்டினார். மேனேஜர் விஸ்வேஸ்வரன் அட்டைகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். நான் அவற்றை வரிசை எண் போட்டு அலமாரியில் வைத்தேன். போகிற ஓர் ஆளிடமிருந்து ஒரு நிறுவனம் இதற்கு மேல் என்ன கேட்டு வாங்க முடியும்?

அவர் போனதில் ஒரு மாறுதல் மட்டும் நடந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் இயந்திரம் நிற்பது வழக்கம். ஓட்டப் பதிவேட்டில் நிறுத்தக் காரணம் ‘தொழுகை’ என்று இருக்கும். சங்கரபாண்டிக்குப் பள்ளிவாசல் போக வேண்டியதில்லை. ஆகவே அந்த நேரத்திலும் அரைக்கலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

அதன் பிறகுதான் உருளைகள் மேலே கண்ட வேகத்தில் தேய்ந்தன. குழல்வாய்மொழியின் தட்டில் குருணை ஏறிக்கொண்டே போனது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சாரல் காலம், நெல்லில் ஈரம் என்றார் மேனேஜர். இந்த வருடத்து ரப்பரே மட்டம் என்றான் சங்கரபாண்டி. போனவருடைய கண் பட்டுவிட்டது என்று மூடைக்காரர்கள் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பழம் அழுகிய பிறகும் குருணை குறையவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து நெருக்கடி வந்தது. தீபாவளிக்குள் குருணையைப் பழைய அளவுக்குக் கொண்டுவராவிட்டால் இயந்திரக்காரர் முன்பு பார்த்த வேலைக்கே திரும்ப வேண்டும் என்று சங்கரபாண்டிக்கு மெமோ. அவன் முன்பு பார்த்தது மூடை தூக்கும் வேலை. இடுப்பில் அடிபட்டு, இனி மூடையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இயந்திரத்துக்கே வந்தான். மெமோவை வாங்கிக் கையெழுத்துப் போட்டவன், அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனான். குழல்வாய்மொழி அதைப் பார்த்திருக்கிறார்.

மேனேஜர் ஏற்கெனவே கிதிர் முகம்மதுக்கு விவரமாகக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். வந்த பதில் இரண்டே வரி: “அட்டையில் எழுதியபடி செய்யவும். விட்டுப்போனது ஒன்றும் இல்லை.”

மெமோ வந்த மறுநாள் குழல்வாய்மொழி மேனேஜரின் அறை வாசலில் தட்டோடு வந்து நின்றார்.

“சார், கிதிரு தம்பி வீட்டுல டேப் ரெக்கார்டர் இருக்கு. வீட்டுக்காரி ஹாஜராவுக்கு வாசிக்கத் தெரியாதுல்லா, அதனால அவிய ரெண்டு பேரும் நாடாவுலதான் பேசிக்கிடுவாவ. கடுதாசின்னா ரெண்டு வரி எழுதுத தம்பி, நாடான்னா அரைமணி நேரம் பேசுதாம். நாமளும் ஒண்ணு பேசி அனுப்புவோமா?”

“உங்களுக்கு அந்த மெஷினைப் பத்தி என்னம்மா தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார். யாருக்குத் தெரியும்னு தெரியும்.”

விஸ்வேஸ்வரன் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, ஒலிநாடா வாங்க அனுமதி எழுதிக் கொடுத்தார்.

முதல் நாடாவை மதிய இடைவேளையில் பதிவு செய்தோம். பேச்சு தெளிவாக விழ வேண்டுமென்று இயந்திரத்தை நிறுத்தினோம். எல்லோரும் முகம் கழுவித் தலைசீவி வந்தார்கள். ஆள் ஆளாக, ஹாஜராவிடம் இரவல் வாங்கிய கருவிக்கு முன்னால் குனிந்தார்கள்.

“கிதிரு, நான் குத்தாலிங்கம். நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா?”

“அண்ணே, நான் சங்கரபாண்டி. நான் நல்லா இருக்கேன். வீட்டுலயும் நல்லா இருக்காவ. மெஷினும் நல்லா இருக்கு. நீங்க ஒண்ணும் கவலப்படாதிய.”

குழல்வாய்மொழி அவன் விலாவில் இடித்தார். “வேற?” என்றார்.

“வேற என்ன? எல்லாம் நல்லா இருக்கு” என்றான் சங்கரபாண்டி, மெமோ சட்டைப்பையில் இருக்கும்போதே.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கடல் கடந்து இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடு செத்தால் சொல்லமாட்டார்கள். சுவர் இடிந்தால் கட்டி முடித்த பிறகு சொல்வார்கள். தாய்க்குக் காய்ச்சல் என்ற செய்தியே, காய்ச்சல் விட்டுவிட்டது என்றுதான் போய்ச் சேரும். கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் எல்லோருக்கும் அந்த வழக்கம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊருக்கு வந்திருந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர் நாடாவைக் கொண்டு போனார். மாதக் கடைசியில் வேறொருவர் பதிலைக் கொண்டுவந்தார். கிதிர் முகம்மது ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நலம் கேட்டிருந்தார். கடைசியில், “மெஷின் நல்லா ஓடுதுன்னு கேட்டு மனசு குளுந்துட்டு. எனக்கு இங்கன ஒரு கொறையும் இல்ல” என்று முடித்திருந்தார்.

மேனேஜர் எழுந்து போய்விட்டார். சங்கரபாண்டி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். குழல்வாய்மொழி மட்டும் நாடாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மனுசன்தான் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேம்பான் கணக்கய்யா. மெஷினுக்கு அந்த நாகரிகம் தெரியாதுல்லா. அதையே பேச விடுவோம்.”

இரண்டாவது நாடாவில் யாரும் பேசக் கூடாது என்று கட்டளை. இயந்திரத்தில் நெல்லை விட்டு முழு ஓட்டத்தில் ஓட்டச் சொன்னார். தூசி ஏறாமல் கருவியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். பெல்ட்டுக்கு இரண்டு முழம் தள்ளியே நிற்பவர், அன்று உருளைப் பெட்டியின் அருகே போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். நாடாவின் ஒரு பக்கம் பாதி ஓடியதும் சங்கரபாண்டிக்குச் சைகை செய்தார். அவன் வழக்கமாகச் செய்வதுபோல, உருளைகளை நெருக்கும் திருகை இறுக்கினான். சத்தம் மாறியது, அதுவும் பதிவாயிற்று.

பிறகு களத்துக்கு வந்து உட்கார்ந்து, கருவியை வாயருகில் கொண்டுபோனார்.

“தம்பி, நான் தட்டு அக்கா. சத்தத்தக் கேட்டியா? நாங்க யாரும் நல்லா இல்ல. தீவாளிக்குள்ள சரியாகலன்னா சங்கரபாண்டியத் திரும்ப மூடைக்கு அனுப்பிருவாவ. அவன் இடுப்பு உனக்குத் தெரியும்லா. நீ எழுதாம விட்டது என்ன? யோசிச்சுச் சொல்லு.” நாடா சும்மா ஓடியது. “வேற?” என்றார். மறுபடியும் நாடா ஓடியது. “வேற?” அப்புறம், அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்பதுபோல, “வேற என்ன தம்பி?” என்றார். நான் அருகில் இருந்தேன். பக்கம் முடிந்து பொத்தான் தானாக மேலே எழும்பும்வரை அவர் அசையவில்லை.

பதில் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. கருவி ஹாஜரா பீவியுடையது என்பதால் அவருடைய வீட்டில் வைத்தே கேட்டோம். மேனேஜரும் நானும் சங்கரபாண்டியும் முன்னறையில் இருந்தோம். ஹாஜரா உள்வாசலில் நின்றார். குழல்வாய்மொழி இரண்டுக்கும் நடுவில்.

“அக்கா, சத்தத்தக் கேட்டேன். நாலு மட்டம் போட்டுக் கேட்டேன். ரெண்டு உருளையும் ஒரே சுதியில முனகுது. அப்படி முனகக் கூடாது. வேகமா ஓடுத உருளைதான் சீக்கிரம் தேயும். தேஞ்சு சின்னதாயிட்டுன்னா ரெண்டோட ஓட்டமும் ஒண்ணுபோல ஆயிரும். உமி உரியாது. உரியலன்னு சங்கரபாண்டி திருகை இறுக்குதான். இறுக்கினா குருணதான் வரும், ரப்பரும் கரையும். ஏன், வெள்ளிக்கிழம ரெண்டையும் இடம் மாத்திப் போடலையா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“ஜும்மாவுக்கு மெஷின நிறுத்துவேம்லா, பள்ளிக்குப் போறதுக்கு மின்னால ரெண்டையும் கழட்டி இடம் மாத்திப் போட்டுட்டுத்தான் போவேன். அப்படின்னா ரெண்டும் சமமாத் தேயும். கோயம்புத்தூருல சொல்லிக் குடுத்தது. அத வேலைன்னே நெனைக்காமப் போயிட்டேன் அக்கா. சங்கரபாண்டிக்குக் காட்டினது செவ்வாயும் புதனும். தொழுகைக்கு மின்னால கைகால் கழுவி ஒளு செய்யுதத யாராச்சும் எழுதி வைப்பாவளா?”

விஸ்வேஸ்வரன் என் பென்சிலை வாங்கி, ஒரு பெரிய வட்டமும் சிறிய வட்டமும் வரைந்து, சங்கரபாண்டிக்குச் சொல்ல ஆரம்பித்தார். கருவியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. காற்றின் சத்தம், தொலைவில் ஒரு லாரி, யாரோ இருமுவது.

“வேற என்னன்னு மூணு மட்டம் கேட்டிருக்கிய அக்கா.” குரல் தாழ்ந்திருந்தது. “இங்கன மெஷின் வேல இல்ல. வந்த நாள்லருந்து சிமெண்டு மூடதான் சுமக்கேன். சங்கரபாண்டி இடுப்பப் பத்திச் சொன்னிய, அன்னைக்கு எனக்கு உறக்கமே வரல. இத ஹாஜராட்டச் சொல்லாண்டாம்.”

ஹாஜரா வாசலைக் கடந்து வந்து பொத்தானை அழுத்தி நிறுத்தினார். மேனேஜர் வரைந்த தாளை மடித்துக்கொண்டார்.

“இருமலக் கேட்டே சந்தேகப்பட்டேன்” என்றார் ஹாஜரா, குழல்வாய்மொழியைப் பார்த்து. “நானும் நல்லா இருக்கேம்னுதான் அக்கா பேசி அனுப்புதேன். அடுப்படி ஓடு ஒடஞ்சு ஐப்பசி மழ பூரா உள்ளதான் பெய்யுது. வெறும் நாடா இருந்தாத் தாங்க. அந்தச் சொட்டுச் சத்தத்தையும் புடிச்சு அனுப்புவோம். அவியளும் சொல்லட்டும், நானும் சொல்லுதேன்.”

சங்கம் வாங்கிய இரண்டும் தீர்ந்துவிட்டன. மூன்றாவது நாடாவை விஸ்வேஸ்வரன் தம் கைப்பணத்தில் வாங்கித் தந்தார். அதனால் அது என் கணக்கில் இல்லை.

மறுநாள் உருளைப் பெட்டியைத் திறந்தபோது, ஒன்று பெரிதும் மற்றொன்று சிறிதுமாக, அளவுகோல் இல்லாமலே தெரிந்தது. புது ஜோடி போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை நண்பகலில் இயந்திரம் நின்றது. சங்கரபாண்டி உருளைகளை இடம் மாற்றினான். தீபாவளிக்கு முந்தின நாள் குழல்வாய்மொழி தட்டை மேனேஜரின் மேசைக்கே கொண்டு வந்து வைத்தார். கறுப்புத் தகரத்தில் முழு அரிசி வெள்ளை வெளேரென்று கிடந்தது. குருணையை ஒரு ஓரமாகச் சிறிய குவியலாக ஒதுக்கியிருந்தார். மேனேஜர் மெமோவைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். கோப்பில் அதன் எண் மட்டும் இருக்கிறது.

அன்று முதல் ஆலையில் சில வழக்கங்கள் ஏற்பட்டுவிட்டன. வெள்ளிக்கிழமை நிறுத்தத்துக்கு ‘ஜும்மா நிறுத்தம்’ என்றே பெயர். விபூதி பூசிய சங்கரபாண்டி, “ஜும்மாவுக்கு நேரமாச்சு, நெல்ல நிறுத்துங்கலே” என்று கத்துவதைக் கேட்டு, புதிதாக வருபவர்கள் விழிப்பார்கள். 1986இல் சென்னைத் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வைத்தபோது, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணம் கேட்டுப் படிவம் வந்தது. நான் எழுதி அனுப்பிய ‘ஜும்மா’வுக்குப் பொருள் கேட்டு அங்கிருந்து குறிப்பும் வந்தது. ‘இரு உருளைகளின் தேய்மானத்தைச் சமன்படுத்துதல்’ என்று பதில் எழுதினேன். குழல்வாய்மொழி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “சரிதான். அந்தக் கம்ப்யூட்டரு நம்மகிட்ட வேற என்னன்னு கேக்குமா?” என்றார். அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை என்றேன். “அப்பம் ஓரத்துல எடம் இருக்கும்லா, அங்கன எழுதுங்க” என்றார். அடுத்த மாதத்திலிருந்து ஓரத்தில் எழுதி அனுப்பினேன். மூன்றாம் மாதம் வந்த படிவத்தில் ‘பிற விவரம்’ என்று ஒரு கட்டம் அச்சாகி இருந்தது. யார் செய்தார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு வழக்கம், ஆலையை விட்டுப் போகிறவர்கள் நாடாவில் பேசிவிட்டுப் போவது. நிறுத்திய இயந்திரத்துக்கு முன்னால் அல்ல. ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேச வேண்டும். எதிரே குழல்வாய்மொழி நின்று கேள்வி கேட்பார். மாற்றலாகிப் போன விஸ்வேஸ்வரனும் பேசினார். ஓய்வு பெற்றபோது நானும் பேசினேன். எல்லாம் ஏட்டில் இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன். அவர் மூன்று முறை கேட்டார். அலமாரியின் நடுக்கதவை இடது முழங்காலால் தள்ளினால்தான் பூட்டுத் திறக்கும் என்பதை அப்போதுதான் நான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன்.

கிதிர் முகம்மது விஷயத்தை விஸ்வேஸ்வரன் அப்படியே விட்டுவிடவில்லை. அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட வைத்தார். பயிற்சி பெற்ற இந்த ஆள் சங்கத்துக்குத் தேவை, விடுவித்து உதவவும் என்று 1983 ஜனவரியில் தம்மாம் கம்பெனிக்கு முத்திரையோடு கடிதம் போயிற்று. பிறகு இரண்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. அவரிடமிருந்து நாடாவும் வரவில்லை. ஹாஜரா காலையில் ஆலை வாசல்வரை வருவார். தகவல் இல்லை என்று குழல்வாய்மொழி தலையசைப்பார். அவர் திரும்பிப் போவார்.

அந்த நாட்களில் குழல்வாய்மொழி ஒரு நாடா தயார் செய்து வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் உருளைகள் இரண்டு சுதியில் ஓடும் சத்தம். மறுபக்கத்தில் ஹாஜராவின் பேச்சும், அடுப்படியில் மாற்றிய புது ஓட்டின் மேல் பெய்யும் மழையும். வெள்ளைத் துணியில் வைத்து நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, முகவரியை என்னிடம் எழுதி வாங்கியிருந்தார். கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. பொட்டலம் மாதிரி டப்பாக்களுக்கு நடுவில் காத்துக்கிடந்தது.

கிதிர் முகம்மதின் கடிதம் ஜும்மா நிறுத்தத்தின் போது வந்தது. இயந்திரம் நின்றிருந்தது. சங்கரபாண்டி குந்தி உட்கார்ந்து உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தான். குழல்வாய்மொழி என்னைக் கூடத்துக்கே கூட்டிப்போய், அவனுக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னார். கடிதம் சிறியது.

“கம்பெனி என்னை விடுவித்துவிட்டது. இம்மாதக் கடைசியில் பம்பாய் வந்து அங்கிருந்து ரயிலில் வருகிறேன். ஹாஜராவிடம் இன்றே போய்ச் சொல்லவும். வெள்ளிக்கிழமை உருளையை மறக்க வேண்டாம்.”

“வேற?” என்றார்.

வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

“வேற?”

தாளின் பின்பக்கத்தைக் காட்டினேன். உறையைக் கவிழ்த்தும் காட்டினேன்.

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. டப்பாக்களுக்கு நடுவிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்தார். அதன் மூலைத் தையலை, அரிசியைக் கடிக்கும் அதே முன்பல்லில் வைத்து டக்கென்று கடித்து, நூலை ஒரே இழையாக உருவினார். இனிக் கடல் கடக்க வேண்டாத நாடாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹாஜராவின் வீட்டை நோக்கி நடந்தார்.

கடிதம் வந்து சேர்ந்த நாள் 1983 மார்ச் 11, வெள்ளிக்கிழமை.